கடலோர வீட்டில் பூனைக்கதவு: ரம்பத்தைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் நேரும் தவறுகள்

மண்டபம் தொடங்கிக் கீழக்கரை வரையிலான கரையோர ஊர்களில் பூனை வளர்க்கும் வீடுகளின் பின்வாசல் இரவில் முழுமையாகச் சாத்தப்படுவது அரிது. கதவை ஒரு சாண் அளவுக்குத் திறந்து, காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அடியில் செங்கல் ஒன்றை அண்டக் கொடுத்துவிட்டு உறங்கச் செல்கிறார்கள். அந்த இடைவெளி வழியாகப் பூனையோடு மணலும் மழைச்சாரலும் வருகின்றன. கருவாட்டு மணத்தைத் தேடிப் பெருச்சாளியும், அதைத் தேடிப் பாம்பும் வருகின்றன. இதற்கு மாற்றாகக் கதவின் அடிப்பகுதியில் சிறு மூடியோடு கூடிய பூனைக்கதவைப் பொருத்தும் வழக்கம் அண்மைக் காலத்தில் இங்கும் பரவுகிறது. கோட்டைக் கதவுக்குள் ஆள் நுழையுமளவு திட்டிவாசல் வைத்த மரபு நமக்கு உண்டு என்பதால், கதவுக்குள் கதவு என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. ஆனால் பொருத்தியவர்களில் பலர் சில மாதங்களில் அதன்மீது அட்டையை ஒட்டி மூடிவிட்டு மீண்டும் செங்கல்லுக்கே திரும்பிவிடுகிறார்கள். நான் பார்த்தவரையில், அதற்கான காரணம் பெரும்பாலும் மரத்தில் துளை போடுவதற்கு முன்பே செய்யப்பட்ட தவறுதான்.

முதல் தவறு கதவைத் தேர்ந்தெடுப்பதில் நேர்கிறது. தலைவாசல் கதவை யாரும் வெட்டச் சொல்லமாட்டார்கள். சொன்னாலும் ஆசாரி உளியை எடுக்கமாட்டார். ஆகவே பேச்சு பின்வாசலுக்கோ பக்கவாசலுக்கோதான் வருகிறது. அங்கே எந்தத் திசைக் காற்று மோதுகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. பூனைக்கதவின் மூடி மேலே கீலில் தொங்கி, கீழே ஒரு சிறு காந்தத்தால் நடுநிலையில் நிற்கும் இலேசான பிளாஸ்டிக் தகடு. தென்கடலைப் பார்த்த வீட்டில் ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது, அந்தத் திசைக்கு நேராக வைத்த மூடியைக் காந்தத்தால் பிடித்து நிறுத்த முடியாது. இரவெல்லாம் அது தட்டிக்கொண்டே இருக்கும். வடகடல் பக்கம், தொண்டி, தேவிபட்டினம் போன்ற ஊர்களில் வாடைக்காலத்தில் இதே தொல்லை எதிர்த்திசையிலிருந்து வரும். காற்று மறைவான கதவு வீட்டில் ஒன்றாவது இருக்கும். சமையலறையிலிருந்து சற்றுத் தொலைவு என்றாலும் அதுவே ஏற்றது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் மரக்கதவுக்கு வெளியே கொசுவலைக் கதவோ இரும்புக் கிராதிக் கதவோ இருப்பது வழக்கம். கிராதியின் கம்பிகளுக்கு இடையே பூனை நுழைந்துவிடும், கொசுவலையில் நுழையாது. மரக்கதவில் செலவு செய்து மூடி பொருத்திய பிறகு, வெளியே சாத்திய வலைக்கதவைப் பூனை நகத்தால் கிழித்தபோதுதான் அந்த நினைவு வந்ததாகச் சொன்னவர்களை அறிவேன்.

அடுத்தது உயரம். இதில் நானே தவறியிருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மூடியின் கீழ்விளிம்பு பூனையின் அடிவயிற்று மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். வளர்ந்த நாட்டுப் பூனைக்கு அது தரையிலிருந்து ஏறக்குறைய 6 அங்குலம், அதாவது 15 செ.மீ. நான் வீட்டுக்குள் உட்கார்ந்து, தரையிலிருந்து சரியாக 6 அங்குலம் அளந்து கோடு போட்டேன். வெளித்தரை உள்தரையைவிட ஒரு படி தாழ்ந்திருப்பதை மறந்துவிட்டேன். அந்தப் படி 7 அங்குலம். ஆக வெளியிலிருந்து வரும் பூனைக்கு அந்த வாசல் 13 அங்குல உயரத்தில், அந்தரத்தில் நின்றது. இளம் பூனை தாவி நுழையப் பழகிக்கொண்டது. வயதான பூனையோ மழையில் நனைந்தபடி கதவடியில் நின்று குரல் கொடுத்தது. வெளியே ஒரு சிறு மேடை கட்டிவிடலாம் என்று நினைத்தபோது அடுத்த சிக்கல் தெரிந்தது: அந்தக் கதவு வெளிப்புறமாகத் திறப்பது. மேடை கட்டினால் கதவு அதில் இடிக்கும். இறுதியில், நகர்த்தக்கூடிய ஒரு மரக்கட்டையை வைத்துச் சமாளித்தோம். கடலோர வீடுகளில் மழைநீர் புகாமலிருக்க அடித்தளத்தை உயர்த்திக் கட்டுவது பெரும்பாலான இடங்களில் உள்ள வழக்கம் என்பதால், இரு புறமும் அளந்து, தாழ்ந்த தரையை மனத்தில் வைத்தே உயரத்தை முடிவுசெய்ய வேண்டும்.

அகலத்தைப் பொறுத்தவரை தவறு பெரும்பாலும் மறுபக்கம் சாய்கிறது. தேவைக்கு மேல் பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். அடர்ந்த மயிருள்ள பூனை பார்வைக்குத்தான் பருத்துத் தெரியும். பழைய அட்டைப்பெட்டி ஒன்றில் துளையிட்டு, மறுபக்கம் இரண்டு நெத்திலியை வைத்துப் பூனையை நுழையவிட்டுப் பார்த்தால் வேண்டிய அளவு தெரிந்துவிடும். 15 செ.மீ. அகலம் நாட்டுப் பூனைக்குப் போதும். அதைவிடப் பெரிதானால் தெருநாய்க்குட்டியும், தவழும் குழந்தையும் அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும்.

கதவில் எந்த இடத்தில் வெட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். சட்டமும் பலகையுமாகச் செய்த பழைய தேக்கு, வேம்புக் கதவுகளில் பலத்தைத் தருபவை நெடுஞ்சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும்தான். நடுவிலுள்ள பலகை வெறும் அடைப்பு. அடிக்குறுக்குச் சட்டத்தை வெட்டினால் கதவு சில மாதங்களில் கோணிக்கொள்ளும். பலகைப் பகுதி உயரத்தில் அமைந்து, சட்டத்தை வெட்டாமல் முடியாது என்றால், அந்தக் கதவை விட்டுவிடுவதே நல்லது. பாதுகாப்பும் இங்கேதான் வருகிறது. நம் கதவுகளில் அடித்தாழ்ப்பாள் ஒன்று தரையில் இறங்கியிருக்கும். அதற்கு அருகில் பூனைக்கதவு அமைந்தால், வெளியிலிருந்து ஒரு கையை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கிவிட முடியும். நீண்ட கம்பி ஒன்று கையில் இருந்தால் நடுத்தாழ்ப்பாளும் எட்டாததன்று. ஆகவே கீல் பக்கமாக ஒதுக்கி வெட்டுவதும், இரவில் எட்டாத உயரத்தில் பூட்டுப் போடுவதும் அவசியம்.

வெட்டுவதற்கு முன் கதவு தொங்கியிருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. மேல்கீலின் திருகாணி தளர்ந்து, கதவின் ஒரு மூலை அரை அங்குலம் இறங்கியிருந்தால், கதவின் அடிவிளிம்பை ஆதாரமாக வைத்துப் போட்ட கோடும் சாய்ந்தே இருக்கும். பெரிய கதவுக்கு அந்தச் சாய்வு பெரிதாகத் தெரியாது. ஆனால் சாய்ந்து தொங்கும் மூடியின் காந்தம் தன் இணைக் காந்தத்தை நேராகச் சந்திக்காது என்பதால் மூடி முழுதாகச் சேராது. முதலில் கீலைச் சரிசெய்து, பிறகு ரசமட்டம் வைத்துக் கோடு போடுவதுதான் முறை. பெட்டியோடு வரும் காகித அச்சில் பெரும்பாலும் வெளிச்சட்டத்துக்கு ஒரு கோடும், வெட்டுவதற்கு ஒரு கோடும் என இரண்டு கோடுகள் இருக்கும். அவசரத்தில் வெளிக்கோட்டை வெட்டிவிட்டுப் பின்னர் மரப்பட்டி வைத்து ஒட்டுப்போட்ட கதவுகளும் உண்டு. வெட்டும் முறையில் சொல்ல அதிகமில்லை: நான்கு மூலைகளிலும் துளையிட்டு, அங்கிருந்து ஜிக்சா ரம்பத்தை மெதுவாகச் செலுத்த வேண்டும், மறுபக்கம் சிலாம்பு தெறிக்காமலிருக்கத் துளையை இரு புறமிருந்தும் போட வேண்டும்.

காலத்தையும் கருத வேண்டும். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருவது. சித்திரை வெயிலில் காய்ந்து சுருங்கிய கதவில் இம்மியும் இடைவெளியில்லாமல் வெட்டிப் பொருத்தினால், கார்த்திகையில் மரம் ஊறிப் பிளாஸ்டிக் சட்டத்தை நெருக்கும். மூடி பாதி வழியில் சிக்கி நிற்கும். எல்லாப் பக்கமும் ஓரிரு மில்லிமீட்டர் இடம் விட்டு, அந்த இடத்தைச் சிலிக்கான் சீலன்ட் கொண்டு நிரப்புவது போதுமானது.

வெட்டிய விளிம்பை அப்படியே விடுவது இந்தக் கரையில் செய்யக்கூடாத தவறு. கதவின் முகப்பில் வார்னிஷ் இருக்கிறது; புதிதாக வெட்டிய விளிம்பில் எதுவும் இல்லை. குறுக்கே வெட்டுப்பட்ட மரநார்கள் ஈரத்தை உறிஞ்சும். உப்புப் படிந்த மரம் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். ஃபிளஷ் டோர் எனப்படும் ஒட்டுப்பலகைக் கதவானால், ஒரே மழைக்காலத்தில் அந்த விளிம்பு ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். உள்ளே வெற்றிடம் உள்ள வகையானால், வெட்டிய இடத்தைச் சுற்றி மெல்லிய மரச்சட்டத்தைச் செருகி ஒட்டாவிட்டால் திருகாணிக்குப் பிடிமானமே இராது. விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு பூச்சுப் பிரைமர் அடித்து, நன்றாக உலர்ந்த பிறகே சட்டத்தைப் பொருத்த வேண்டும். நாகத்தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு அடித்த கதவை வெட்டுபவர்கள் கிரைண்டர் சூட்டில் நாகப்பூச்சு எரிந்துபோவதை நினைவில் கொள்ள வேண்டும். அந்த விளிம்புக்கு அன்றே துருத் தடுப்புப் பூச்சு தேவை. கண்ணாடிக் கதவு பதப்படுத்திய கண்ணாடியால் ஆனதென்றால் அதைப் பிறகு வெட்டவே முடியாது, முழுவதும் நொறுங்கிவிடும். துளையோடு கூடிய கண்ணாடியைப் புதிதாகச் செய்யச் சொல்வது ஒன்றே வழி.

திருகாணியின் கதையும் இதுவே. பெட்டியில் வரும் திருகாணிகள் பெரும்பாலும் முலாம் பூசிய சாதாரண இரும்பு. பாம்பன் காற்றில் அவை துருப்பிடித்துத் தலை கழன்று, தேக்கில் கறுப்புக் கறையையும் விட்டுச்செல்லும். துருப்பிடிக்காத எஃகு என்று கேட்டு வாங்கும்போதும் தரத்தைக் கேட்க வேண்டும். 304 தரம் கடலிலிருந்து தள்ளியுள்ள ஊர்களுக்குப் போதும். உப்புக்காற்று நேராகப் படும் இடத்துக்கு 316 தரமே நிலைக்கும், ஏனெனில் அதில் உள்ள 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் உப்பு அரிப்பைத் தாங்குகிறது. படகுச் சாமான் விற்கும் கடையில் கேட்டால் விவரம் தெரிந்தவர்கள் எடுத்துத் தருவார்கள். பித்தளையும் நன்று. எதுவானாலும் இறுக்கிக்கொண்டே போனால் பிளாஸ்டிக் சட்டம் கீறிவிடும். கை நின்ற இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

கதவை வெட்ட மனமில்லாமல் சுவரில் துளை போட நினைப்பவர்கள், அது பவளக்கல் சுவரா என்று முதலில் பார்க்க வேண்டும். பவளப்பாறையைக் கல்லாக வெட்டிச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடுகள் இந்தக் கரையில் உண்டு. அந்தக் கல்லில் ஒரு சாண் துளைக்கு உளி வைத்தால், சுற்றிலும் எவ்வளவு பொடியாக உதிரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கொத்தனாரைக் கேட்காமல் தொடக்கூடாது.

வகையைத் தேர்வதில், விலை கூடினால் நல்லது என்ற நம்பிக்கை ஒரு தவறு. கழுத்துப்பட்டையில் காந்தம் கட்டிய பூனைக்கு மட்டும் திறக்கும் வகை ஒன்று உண்டு. அயல் பூனைகளைத் தடுக்க நல்ல ஏற்பாடு. ஆனால் வலையும் தூண்டிலும் கிடக்கும் கரையில் திரியும் பூனையின் கழுத்தில் காந்தம் தொங்கினால், எஃகுத் தூண்டில் முள்ளும் ஆணியும் அதில் ஒட்டிக்கொண்டு வரும். கழுத்துப்பட்டை, இழுத்தால் தானே கழன்றுவிடும் வகையாக இல்லாவிட்டால், சீமைக்கருவேல முள்வேலியில் மாட்டிப் பூனை தூக்கிட்டுக்கொள்ளவும் கூடும். தோலுக்கடியில் பொருத்திய சிப்பின் 15 இலக்க எண்ணைப் படித்துத் திறக்கும் வகையில் இந்த ஆபத்து இல்லை. ஆயினும் இரும்புக் கதவில் பொருத்தினால் சுற்றியுள்ள உலோகம் அந்தப் படிப்பைக் குழப்பும் என்பதால் தனி இடைச்சட்டம் தேவைப்படும், பேட்டரியின் முனைகளும் உப்பில் பூத்துப்போகும். என்னைக் கேட்டால், நான்கு நிலைப் பூட்டுள்ள எளிய மூடியே போதும் என்பேன்: இரு வழி, உள்ளே மட்டும், வெளியே மட்டும், முழு அடைப்பு. அயல் கடுவன் பூனைகள் சண்டைக்கு நுழையும் தொல்லை, தன் வீட்டுப் பூனைக்குக் கருத்தடை செய்தால் பெரும்பகுதி குறைந்துவிடும்.

அந்தப் பூட்டைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் நடமாடும் நிலம் இது. கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் புகுந்து, தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களைத் தீண்டக்கூடியது. தேய்ந்த மூடியின் அடியில் விரற்கடை இடைவெளி இருந்தாலும் அதற்குப் போதும். பொழுது சாய்ந்ததும் பூனைக்கு உணவு வைத்து உள்ளே வரப் பழக்கி, அது வந்தபின் முழு அடைப்புத் தகட்டை இறக்கிவிட வேண்டும். பூனை வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்று பாராமல் அடைத்துவிட்டு, அது விடியவிடியக் கத்திய பின் கதவையே குறை சொல்வதும் நடக்கிறது. பகலில் பூனை உயிருள்ள இரையை வாயில் கவ்விக்கொண்டு வரும் என்பதால், மூடியின் உட்புறத்தில் அரிசிச் சாக்கு, விறகு, செருப்பு போன்ற மறைவிடங்களை வைக்கக் கூடாது.

பராமரிப்பில் ஒரே ஒரு எச்சரிக்கை. கீல் கிறீச்சிட்டால் தேங்காய் எண்ணெய் விடுவது நம் கைப்பழக்கம். இங்கே அதைச் செய்தால் பறந்து வரும் மணல் முழுவதும் அதில் ஒட்டி அரைக்கும், எறும்பும் வரும். வாரம் ஒருமுறை பழைய பெயின்ட் பிரஷ்ஷால் அடிப்பள்ளத்து மணலைத் தட்டி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்தால் போதும்.

பழக்குவதில் அவசரம் கூடாது. பூனையைப் பிடித்து மூடி வழியாகத் தள்ளினால், அது அந்தக் கதவை வெகுநாள் பகையாகவே பார்க்கும். முதல் சில நாள்கள் மூடியை முழுவதும் தூக்கி ஒட்டுநாடாவால் கட்டிவைத்து, மறுபக்கம் சூடை மீனின் தலையை வைக்க வேண்டும். பிறகு பாதி இறக்கி, அதன்பின் முழுவதும் இறக்கலாம். மூடியைத் தலையால் முட்டித் திறக்கக் கற்றுக்கொள்ள சில பூனைகளுக்கு இரண்டு நாள் போதும், சிலவற்றுக்கு ஒரு மாதம் ஆகும். இடையில் பூனை கதவருகே உட்கார்ந்து கத்தும். வீட்டிலிருக்கும் பாட்டி பரிதாபப்பட்டு எழுந்து போய்ப் பெரிய கதவைத் திறந்துவிடுவார். எங்கள் வீட்டுப் பழைய பூனை இந்த ஏற்பாட்டை நன்கு புரிந்துகொண்டு, ஆளில்லாத நேரத்தில் மூடி வழியாகவும், பாட்டி கூடத்தில் இருக்கும் நேரத்தில் பெரிய கதவு வழியாகவும் இன்றுவரை போய்வந்துகொண்டிருக்கிறது.