பழைய டர்ன்டேபிள்: முதலில் பழுது பாருங்கள், அப்புறம் மாற்றலாம்

இசைத்தட்டு போடும் பழைய டர்ன்டேபிள் ஒன்று கைக்கு வந்ததும் பலரும் முதலில் கேட்பது எந்த கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சிக்னலாக்கும் சின்னத் தலை) போடலாம், டோன்ஆர்மை (கார்ட்ரிட்ஜைச் சுமக்கும் கையை) மாற்றிவிடலாமா என்பதுதான். கொஞ்சம் பொறுங்கள். அது புதிதாக இருந்தபோது ஓடிய மாதிரி இப்போது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அந்தக் கேள்விக்கு வரலாம். இத்தனை வருடத்தில் ரப்பர் இறுகியிருக்கும், கிரீஸ் கெட்டிப்பட்டிருக்கும், எண்ணெய் வற்றியிருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு நல்ல கார்ட்ரிட்ஜ் மாட்டினால் மோட்டாரின் உறுமல்தான் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

பிளக் சொருகுவதற்கு முன்பே கீழ்மூடியைக் கழற்றிப் பாருங்கள். பவர் சுவிட்சை ஒட்டி ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். பழைய காகித வகையாக இருந்து மேல் உறையில் விரிசல் தெரிந்தால், கரண்ட் கொடுத்ததும் புகைய வாய்ப்பு அதிகம். அதே மதிப்பில் எக்ஸ்2 தர (மெயின்ஸ் கரண்டுக்கு ஏற்ற பாதுகாப்பு வகை) கெப்பாசிட்டர் போடுங்கள், மின்வேலை பழக்கமில்லை என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். வோல்டேஜோடு ஃப்ரீக்வென்சியையும் கவனிக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கான ஏசி மோட்டாரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் இசைத்தட்டைத் தாங்கிச் சுழலும் தட்டு 17 சதவீதம் மெதுவாகச் சுற்றும், பாட்டு இழுவையாகக் கேட்கும். பெரும்பாலும் மோட்டார் கப்பியை மாற்றினாலே சரியாகிவிடும்.

அடுத்து, தட்டைச் சுழற்றும் விதம். பெல்ட் வகை என்றால் யோசிக்கவே வேண்டாம், புது பெல்ட். கரார்ட் 301, லென்கோ எல்75 போன்றவற்றில் மோட்டார் தண்டுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் சக்கரம் இருக்கும். வருடக்கணக்கில் தண்டோடு அழுந்தியபடியே கிடந்திருந்தால் அதில் ஒரு பள்ளம் விழுந்து, சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் டொக் டொக் என்று கேட்கும். மேல்பரப்பு பளபளப்பாகி வழுக்குகிறது என்றால் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். பள்ளமே விழுந்துவிட்டால் ரப்பர் மாற்றியாக வேண்டும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 போல மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றும் வகையில் வேகம் அலைந்தால், மோட்டாரைச் சந்தேகிப்பதற்கு முன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஸ்லைடரில் படிந்த அழுக்கை கான்டாக்ட் கிளீனரால் எடுத்துப் பாருங்கள்.

நடு பேரிங்கைத் துடைத்துப் புது எண்ணெய் விடுங்கள். டபிள்யூடி-40 மட்டும் வேண்டாம், அது கொஞ்ச நாளில் வற்றிப்போகும். ஆரம்பகால 301-இல் பேரிங்குக்கு கிரீஸ், பிந்தைய 301-இல் எண்ணெய். உங்களுடையது எது என்று பார்த்துவிட்டு வேலையில் இறங்குங்கள்.

தானியங்கி மாடல்களில்தான் பலரும் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். டூவல் 1219-இல் ஆர்ம் மேலே எழும்பும், தட்டுப் பக்கம் போகாமல் நிற்கும், அல்லது பாதி வழியில் இறங்கிவிடும். ஏதோ பெரிய கோளாறு போலத் தோன்றும், ஆனால் காரணம் அடியில் ஒரு நெம்புகோல் நுனியில் மாட்டியிருக்கும் மிளகளவு ரப்பர் துண்டாக இருக்கும். ஆர்மைப் பிடித்துத் தள்ளுவது அதன் உராய்வுதான். ரப்பர் இறுகிப்போனால் பிடிமானம் போய்விடும். சைக்கிள் வால்வ் டியூபில் ஒரு துண்டு நறுக்கி மாட்டியே பலர் சரிசெய்திருக்கிறார்கள். கூடவே நெம்புகோல்களின் அச்சில் கோந்து மாதிரி ஒட்டியிருக்கும் பழைய கிரீஸையும் கரைத்து எடுங்கள்.

அப்புறம் ஊசி. முனை தேயாமல் இருந்தாலும் அதைத் தாங்கும் ரப்பர் இறுகியிருக்கும், அதனால் பழைய ஊசியை நம்பி நல்ல இசைத்தட்டை வைக்காதீர்கள். ஷூர் நிறுவனம் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அதன் பழைய கார்ட்ரிட்ஜ்களுக்கு ஜப்பானின் ஜிகோ போன்றவர்கள் செய்யும் மாற்று ஊசிகள் உண்டு. ஊசி இசைத்தட்டில் அழுந்தும் எடையைச் சின்ன டிஜிட்டல் தராசில் பார்த்து வையுங்கள். ஆடியோ-டெக்னிகா விஎம்95 வரிசைக்கு 2 கிராம்.

இத்தனையும் முடித்துக் கொஞ்ச நாள் கேட்டுப் பாருங்கள். நிறையப் பேருக்கு இதுவே போதும். அதற்கு மேலும் வேண்டும் என்றால் என் வரிசை இது: முதலில் இன்னும் நுண்ணிய முனையுள்ள ஊசி, அடுத்து நல்ல ஃபோனோ ப்ரீஆம்ப் (கார்ட்ரிட்ஜின் சன்னமான சிக்னலைப் பெருக்கும் கருவி), டோன்ஆர்ம் கடைசியில். கார்ட்ரிட்ஜையே மாற்றுவதாக இருந்தால் ஆர்மின் எடையோடு அது பொருந்துமா என்று கணக்குப் போடுங்கள். ஆர்மின் இயங்கு எடை (ஆர்ம் அசையும்போது ஊசி உணரும் எடை), கார்ட்ரிட்ஜ், திருகு மூன்றையும் கிராமில் கூட்டி, கம்ப்ளையன்ஸால் (ஊசி எவ்வளவு எளிதில் வளைந்து கொடுக்கிறது என்ற அளவால்) பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 159-ஐ வகுத்தால் ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து இயல்பாக அதிரும் அதிர்வெண் கிடைக்கும். 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் நல்லது. மொத்தம் 22 கிராம், கம்ப்ளையன்ஸ் 10 என்றால் ஏறக்குறைய 10.7 வரும், அருமை. அதே ஆர்மில் கம்ப்ளையன்ஸ் 30 உள்ளதை மாட்டினால் 6.2-க்கு இறங்கிவிடும், கொஞ்சம் வளைந்த இசைத்தட்டு வந்தாலே ஊசி தடுமாறும்.

கரார்ட் 301, தோரன்ஸ் டிடி 124 மாதிரி இயந்திரங்களில் துளை போடுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேறு ஆர்ம் வேண்டுமா, தனியாகப் புதுப் பலகை செய்து அதில் மாட்டுங்கள். கழற்றிய பாகங்களை ஒரு டப்பாவில் பத்திரமாக வையுங்கள். எஸ்எல்-1200-இல் தேய்ந்துபோன, ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஆர்சிஏ ஒயரை மாற்றுவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. லேசான பிளாஸ்டிக் உடம்புள்ள மலிவு மாடல் என்றால் பெல்ட், ஊசி, சுத்தம், அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போடும் பணம் வீண்.

எதை மாற்றினாலும் ஒன்றை மாற்றிவிட்டு, நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று இசைத்தட்டுகளைக் கேட்டபின் அடுத்ததைத் தொடுங்கள். ஊசியையும் ப்ரீஆம்பையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எதனால் சத்தம் மாறியது என்றே தெரியாது.