மாடுகளில் காயமும் கட்டியும்: கத்தி வைப்பதற்கு முன்னும் பின்னும்

மாட்டின் உடலில் வீக்கத்தைக் கண்டவுடன் அதைக் கீறிவிடத் துணிவது மிகவும் ஆபத்தானது. சீழ்க்கட்டி, குடலிறக்கம், இரத்தக்கட்டு, புற்றுக்கட்டி ஆகிய நான்கும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடும். கன்றின் தொப்புள் வீக்கத்தைச் சீழ்க்கட்டி என்று எண்ணிக் கீறினால், உள்ளிருக்கும் குடலே அறுபட்டுவிடலாம். ஆகவே கால்நடை மருத்துவர் முதலில் வீக்கத்தைத் தொட்டு, சூடும் வலியும் உண்டா, அழுத்தினால் உள்ளே செல்கிறதா என்று பார்த்து, தேவையானால் ஸ்கேன் செய்து, குடல் இல்லை என்று உறுதியான பின்பே ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பார். சீழ் வந்தால், கட்டியின் தாழ்ந்த பகுதியில் கீறி முழுவதும் வடியவிட வேண்டும். புதிய இரத்தக்கட்டைக் கீறக் கூடாது. அடங்கிய கசிவு மீண்டும் தொடங்கிவிடும்.

காயம் பட்ட மாட்டுக்கு முதல் உதவி இரத்தத்தை நிறுத்துவதே. தூய துணியை மடித்து வைத்து, இடையில் எடுத்துப் பார்க்காமல் சில நிமிடங்கள் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு சுற்றியுள்ள மயிரைக் கத்தரித்து, ஒரு லிட்டர் கொதித்தாறிய நீருக்கு 9 கிராம் உப்பு என்ற அளவில் கரைத்த நீரால் தாராளமாகக் கழுவ வேண்டும். காரமான மருந்துகளை ஊற்றினால் கிருமிகளோடு நல்ல சதையும் கருகிப் புண் ஆறத் தாமதமாகும். காயம் பட்ட 6 முதல் 8 மணி நேரத்துக்குள், செத்த சதையை நீக்கித் தைப்பது நல்ல பலன் தரும். நாள்பட்டு அழுக்கேறிய புண்ணைத் தைத்து மூடினால் சீழ் உள்ளேயே தங்கும். அதைத் திறந்தே வைத்து, அடியிலிருந்து சதை வளர்ந்து ஆறவிடுவதே சரி.

காம்பில் பட்ட வெட்டை மட்டும் சிறிய காயம் என்று கருதவே கூடாது. வெட்டின் வழியே பால் கசிந்தால் பால்குழாய் வரை அறுபட்டிருக்கிறது என்று பொருள். அன்றே அடுக்கடுக்காகத் தைக்காவிட்டால் அந்த இடம் நிரந்தரத் துளையாகி, மடிநோய்க்கும் வழிவிடும்.

பெரிய அறுவைக்கு முன் வளர்ந்த மாட்டுக்கு ஒரு நாள் தீவனமும், ஏறத்தாழ அரை நாள் தண்ணீரும் நிறுத்துவது வழக்கம். படுக்க வைக்கும்போது வயிறு உப்புவதும், இரைப்பையில் உள்ளது மேலேறி மூச்சுக்குழாயில் இறங்குவதும் உயிரைப் பறிக்கும். மயக்க மருந்தான ஸைலசைனை மாடு அதிகம் தாங்காது. குதிரைக்குக் கொடுப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே அதற்குப் போதும். அதனால் முடிந்தவரை மாட்டை நிற்க வைத்து, லிக்னோகைன் ஊசியால் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வதே நல்லது.

கட்டிகளில் அதிகக் கவலை தருவது கொம்புப் புற்றுநோய். திமிலுள்ள இனங்களின் காயடித்த எருதுகளிடம் இது மிகுதி. மாடு தலையை ஒரு பக்கம் சாய்ப்பதும், கொம்பைத் தேய்ப்பதும், அந்தப் பக்க மூக்கில் இரத்தம் வடிவதும் முதல் அறிகுறிகள். கொம்பு ஆடி, சாயும் வரை காத்திருக்காமல், கண்ணின் வெளிமுனைக்கும் கொம்பின் அடிக்கும் நடுவே ஓடும் நரம்பை மரக்கச் செய்து, கொம்பை அடியோடு அறுத்து, தோல் மடலால் மூடித் தைக்க வேண்டும். தாமதித்தால் நோய் நெற்றி எலும்பின் குழிக்குள் பரவி, அறுத்தாலும் திரும்ப வரும். கண் புற்று சிறிதாக இருக்கும்போது திரவ நைட்ரஜனால் உறையவைத்தே அழிக்கலாம். கண்ணின் உள்மூலையில் உள்ள மூன்றாம் இமையில் மட்டும் இருந்தால் அந்த இமையை நீக்கினால் போதும். கண்ணுக்குள் ஊடுருவிவிட்டால் கண்ணையே எடுக்க நேரும். இளம் மாடுகளின் வைரஸ் மருக்கள் பெரும்பாலும் சில மாதங்களில் தாமாகவே உதிரும். கறவைக்கு இடையூறானால் மட்டும் அறுக்கலாம்.

அறுத்தெடுத்த கட்டியில் ஒரு துண்டை, அதைப்போல் பத்து மடங்கு அளவுள்ள சதை அழுகாமல் காக்கும் 10 சதவீத பார்மலினில் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தையலை 10 முதல் 14 நாள்களில் பிரிக்கலாம். அதுவரை ஈ மொய்க்காமல் காப்பது உரிமையாளரின் பொறுப்பு, ஏனெனில் ஒரு நாள் கவனக்குறைவிலேயே புழு வைத்துவிடும். எதிருயிரி (ஆன்டிபயாடிக்) ஊசி போட்ட மாட்டின் பாலை, மருத்துவர் குறித்த நாள்கள் முடியும்வரை விற்கவோ குடிக்கவோ கூடாது.