பழைய டீசல் வேன் வாங்கியாச்சா? முதலில் இந்த வேலைகளை முடியுங்கள்

பழைய வேனை விற்கிறவர்கள் தவறாமல் சொல்கிற வசனம் ஒன்று உண்டு: "இப்பதான் சர்வீஸ் பண்ணேன், கண்ணை மூடிட்டு ஓட்டலாம்." பொய் என்று சொல்ல வரவில்லை. அந்த "இப்ப" எப்போது என்பதுதான் சிக்கல். பில் கையில் இருந்தால் நம்புங்கள். இல்லையென்றால் அப்படி ஒரு சர்வீஸ் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு, வாங்கிய நாளைப் பூஜ்ஜியமாக எண்ணித் தொடங்குங்கள். ஒரு சின்ன நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் தேதியையும் ஓடோமீட்டர் அளவையும் எழுதி வேனிலேயே போட்டுவிடுங்கள். இனி செய்கிற ஒவ்வொரு வேலையும் அதில் ஏற வேண்டும்.

படி 1: ஆறிய இன்ஜினைப் பாருங்கள்

ராத்திரி முழுக்க நின்ற வேனைக் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பானெட்டைத் திறங்கள். ஆயில் கேஜை உருவித் துடைத்து, திரும்பச் செருகி எடுத்துப் பாருங்கள். ஆயில் கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். டீசல் இன்ஜினில் புகைக்கரி ஆயிலில் கலப்பதால் புது ஆயிலே சில நாளில் கறுத்துவிடும். நிறத்தை வைத்துப் பழசா புதுசா என்று சொல்லவே முடியாது.

கவலைப்பட வேண்டியவை வேறு. ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் கூலன்ட் உள்ளே வருகிறது என்று சந்தேகப்படுங்கள். அளவு மேல் கோட்டைத் தாண்டி, டீசல் வாடையும் அடித்தால் ஆயிலில் டீசல் கலந்திருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் வேனை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பிறகு சாவியைப் பாதி திருப்பி, சுருள் கம்பி படம் போட்ட மஞ்சள் விளக்கு அணைகிறவரை பொறுத்திருந்து ஸ்டார்ட் செய்யுங்கள். அதுதான் க்ளோ பிளக் சூடாகும் நேரம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறது. ஆறிய இன்ஜினுக்கு அந்தச் சூட்டில் கொஞ்சம் உதவி வேண்டும், அவ்வளவுதான்.

படி 2: ஆயிலும் ஆயில் ஃபில்டரும்

எந்த ஆயில் என்பதை வண்டியின் கையேடு சொல்லும். கடைக்காரர் சொல்வது இரண்டாம்பட்சம். சைலன்சர் பாதையில் கரி வடிகட்டி (டிபிஎஃப்) இருக்கிற வேனுக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் போட வேண்டும். சாதாரண ஆயிலின் சாம்பல் அந்த வடிகட்டியிலேயே தங்கிவிடும், அதை எரித்துத் தள்ளவும் முடியாது.

வேனை ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது சமதரையில் வடியுங்கள். கொதிக்கிற ஆயில் கையைப் பொசுக்கிவிடும். அடியில் படுக்க வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான ஸ்டாண்டு வையுங்கள். வடிகிற போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவுங்கள். சொன்ன அளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் கேஜைப் பார்த்து மீதியை நிரப்புங்கள். நிறைய ஊற்றினால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள், அதுவும் கெடுதல்தான்.

அடுத்த ஆயில் மாற்றத்தைக் கையேடு சொல்வதில் பாதி தூரத்திலேயே செய்துவிடுவது என் பழக்கம். புது ஆயில் பழைய பிசுக்கைக் கரைத்துக் கொண்டுவரும், அது உள்ளேயே சுற்ற வேண்டாமே.

படி 3: டீசல் ஃபில்டர்

புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். இப்போதைய டீசல் இன்ஜின்களில், டீசலை உள்ளே பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் டீசலின் அழுத்தம் 1,600 பார், 2,000 பார் என்று போகிறது. இன்ஜெக்டரின் துளையோ தலைமுடியைப் போல மெல்லியது. அங்கே ஒரு தூசியோ ஒரு சொட்டுத் தண்ணீரோ போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒரு இன்ஜெக்டருக்கு ஆகிற செலவில் எத்தனையோ ஃபில்டர் வாங்கலாம்.

பல ஃபில்டர்களின் அடியில் சின்ன திருகு ஒன்று இருக்கும். டீசலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால் கீழே தேங்கும். கண்ணாடிக் குப்பியை வைத்துத் திருகைத் தளர்த்தினால் முதலில் தண்ணீர் வரும், சுத்தமான டீசல் வந்ததும் மூடிவிடலாம். மாதம் ஒருமுறை செய்தால் போதும்.

ஃபில்டரை மாற்றினால் பழைய ரப்பர் வளையங்களையும் சேர்த்து மாற்றுங்கள். அப்புறம் காற்றை வெளியேற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. என் முதல் வேனில் நான் செய்தது அதைத்தான். டீசல் பாதையில் காற்று அடைத்து (ஏர் லாக்), பேட்டரி தீரும்வரை செல்ஃப் அடித்துவிட்டு, பேட்டரிதான் கெட்டது என்று முடிவுகட்டினேன்! கையால் அழுத்தும் பம்பு இருந்தால் அது கெட்டியாகும்வரை அழுத்துங்கள். இல்லாத வேனில் சாவியைப் பாதி திருப்பிச் சில வினாடி விட்டு அணைப்பதை நாலைந்து முறை செய்தால், டேங்க்கில் இருக்கும் மின்பம்பு டீசலை ஏற்றிவிடும்.

இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாயை மட்டும் இன்ஜின் ஓடும்போது தொட்டுத் தளர்த்தாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் போகும். ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனால் கை போகிற அளவுக்கு ஆபத்து.

படி 4: டைமிங் பெல்ட்

வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து ஓடவைப்பது உங்கள் இன்ஜினில் பெல்ட்டா, செயினா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால், அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லாவிட்டால் மாற்றிவிடுங்கள். குறைவாக ஓடிய வண்டி என்பதும் சமாதானம் இல்லை, ரப்பருக்கு வயது ஒரு கணக்கு. அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும், இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், அந்தப் பெல்ட்டில் ஓடுவதாக இருந்தால் வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். இது வீட்டில் பழகிப் பார்க்கிற வேலை இல்லை.

படி 5: கூலன்ட், காற்று

இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கூலன்ட் துருவேறிப் பழுப்பாக இருந்தால் முழுவதும் வடித்து, கையேட்டில் சொன்ன வகையை நிரப்புங்கள். நிறம் ஒன்றாக இருப்பதாலேயே வேறு வகையைக் கலக்க வேண்டாம். அளவு அடிக்கடி குறைந்தால் ஊற்றிக்கொண்டே இருக்காமல் எங்கே போகிறது என்று தேடுங்கள். ஏர் ஃபில்டரைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒரு பார்வை.

படி 6: ஓட்டும் விதம்

பக்கத்துத் தெருவுக்கு மட்டும் போய்வந்தால் டீசல் வேன் கெட்டுப்போகும். கரி வடிகட்டியில் சேர்ந்த கரி எரிய ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். அது வர, வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் சீராக ஓட்டுங்கள். கரி எரிந்துகொண்டிருக்கும்போது பாதியில் அணைத்து அணைத்து வைத்தால்தான் படி 1-இல் சொன்ன மாதிரி ஆயிலில் டீசல் கலக்கும்.

ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலரேட்டரை முறுக்க வேண்டாம். மேடு ஏறி வந்ததும் உடனே அணைக்கவும் வேண்டாம், ஒரு நிமிடம் ஓடவிட்டால் டர்போ ஆறும். டேங்க் காலியாகும்வரை ஓட்டினால் ஏர் வாங்கிக்கொள்ளும்.

கண்ணாடியில் புகையையும் கவனியுங்கள். கறும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். நீலம் கலந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையென்றால் எரியாத டீசல், இல்லையென்றால் கூலன்ட்.

கடைசியாக, டேங்க் மூடியில் "டீசல்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். யாராவது பெட்ரோல் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடவே கூடாது, பாதி திருப்பினாலே பம்பு இழுக்கத் தொடங்கிவிடும். டீசல்தான் அந்தப் பம்புக்கு எண்ணெய். பெட்ரோலில் அந்த வழவழப்பு இல்லை. வேனை நின்ற இடத்திலிருந்து தள்ளி ஓரமாக நிறுத்தி, டேங்க்கை முழுக்க வடிக்க ஆளைக் கூப்பிடுங்கள்.