விங் சுன் பயிற்சியில் எதிராளியின் கையைத் துரத்தும் தவறு

தென்சீனத்தின் குவாங்டொங் மாநிலத்தில் வளர்ந்த விங் சுன், இருவரின் கைகளும் உரசிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கிய தூரத்தில், வரும் அடியைத் திசைமாற்றிக்கொண்டே திருப்பி அடிப்பதற்கென அமைந்த தற்காப்புக் கலை. ஃபோஷானில் இதைக் கற்ற இப் மான் 1950-இல் ஹாங்காங்கில் கற்பிக்கத் தொடங்கினார். அவரிடம் பயின்ற புரூஸ் லீயின் புகழும் சேர்ந்து இது உலகெங்கும் பரவியது. இன்று இதைப் பயில்வோரிடம் காணும் தவறுகளில் பல, எதிராளியின் உடலை மறந்து அவர் கையையே இலக்காகக் கொள்வதிலிருந்து பிறப்பவை.

உள்ளங்கையால் எதிராளியின் முன்கையை அறைந்து விலக்கும் பாக் சாவ் என்னும் உத்தியில் இது தெளிவாகத் தெரியும். முகத்தை நோக்கி வரும் குத்து சில விரற்கடை விலகினாலே போதும் என்றிருக்க, புதிதாகக் கற்பவர் அதைத் தம் தோளுக்கு அப்பாலும் தள்ளிக்கொண்டு போகிறார். எதிராளி கையைச் சட்டென இழுத்துக்கொண்டால், அறைந்த கை வெற்றிடத்தில் வீசிச்சென்று, காக்க வேண்டிய நடுக்கோட்டை, அதாவது உடலின் நடுவே மேலிருந்து கீழாகச் செல்லும் கற்பனைக் கோட்டை, திறந்து விட்டுவிடுகிறது. உள்ளங்கை பக்கவாட்டில் வீசப்படாமல், சற்றே சாய்ந்து முன்னோக்கிச் சென்று, தோளின் எல்லைக்குள் நிற்க வேண்டும். அறைவதற்கு முன் கையைப் பின்னுக்கு இழுத்து விசை சேர்ப்பதும் தவறுதான். அந்த அசைவே நம் எண்ணத்தை எதிராளிக்கு அறிவித்துவிடும்.

முதலில் தடுத்து, பிறகு அடிப்பது அடுத்த தவறு. தொடக்கத்தில் இரண்டையும் பிரித்துக் கற்பதில் குற்றமில்லை என்றாலும், அந்தப் பிரிவு பழக்கமாக இறுகிவிட்டால், தடுப்புக்கும் அடிக்கும் இடைப்பட்ட நொடியில் எதிராளியின் இரண்டாவது குத்து வந்து சேர்ந்துவிடும். ஒரு கை விலக்கும்போதே மறு கை குத்த வேண்டும். காலும் அதே கணத்தில் முன்னேற வேண்டும். வருவதை ஏற்று நிறுத்து, போவதைத் தொடர்ந்து செல், கை விடுபட்டால் நேராகப் பாய் என்ற இக்கலையின் மரபு நெறியும் இதையே கேட்கிறது.

இவை எல்லாவற்றையும்விடக் கேடானது, என் கருத்தில், பொய்யான தூரத்தில் பயிற்சி செய்வது. குத்துபவர் எட்டாத இடத்தில் நின்று கையை நீட்ட, தடுப்பவர் அதை அழகாக விலக்க, இருவருமே உத்தி பலித்ததாக நம்பிவிடுகிறார்கள். தடுக்காமல் இருந்திருந்தாலும் அந்தக் குத்து யாரையும் தொட்டிருக்காது. மெதுவாகவே குத்தட்டும், ஆனால் விலக்காவிட்டால் மார்பைத் தொடும் தூரத்தில் நின்று குத்தட்டும். அப்போதுதான் எவ்வளவு விலக்கினால் போதும் என்பதைக் கை கற்றுக்கொள்ளும்.

முழங்கையை உயர்த்தி முன்கையைச் சாய்வாக இறக்கும் போங் சாவ், கடந்துபோக வேண்டிய ஒரு நிலை மட்டுமே. அதிலேயே உறைந்து நிற்பவரின் முழங்கையை அழுத்தி, அவர் கைகள் இரண்டையும் ஒருசேர முடக்கிவிடலாம். அழுத்தம் குறைந்த உடனே முழங்கையைக் கீழிறக்கி நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். கைகளை ஒட்டிவைத்து அழுத்தத்தை உணரப் பழகும் சி சாவ் பயிற்சியை வெற்றி தோல்விப் போட்டியாக்கினாலும் இதே உணர்வுதான் மழுங்கிப்போகும். தோள்கள் இறுகியவரால் எதிராளியின் விசை எத்திசையில் மாறுகிறது என்பதை அறிய முடியாது. கைபோல் நீட்டிய கட்டைகள் கொண்ட பயிற்சிக் கம்பமான மரப்பொம்மையும் ஓசை எழ முன்கையால் மோதுவதற்கானதன்று. கோணத்தையும் அடிவைப்பையும் சரிசெய்துகொள்ளவே அது இருக்கிறது.

சங்கிலிபோல் தொடரும் குத்துகளில் வேகத்துக்காக முழங்கைகளை வெளியே விரித்துவிடுபவர்களின் குத்தில் உடலின் எடை சேர்வதில்லை. முழங்கை தாழ்ந்து உட்புறமாக இருந்து, முஷ்டி செங்குத்தாக நடுக்கோட்டின் வழியே செல்ல வேண்டும். வெறுங்காற்றில் குத்திப் பழகும்போது கையை முழுவதும் நீட்டி மூட்டைப் பூட்டினால் முழங்கையில் வலி தொடங்கிவிடும். ஆகவே, சற்று மடங்கிய நிலையிலேயே குத்தை நிறுத்தி, முழு நீட்டத்தைச் சுவரில் மாட்டிய குத்துப்பையில் பழகுவது நல்லது.