பைல்கள் மேல் நிற்கும் மண்கரை: பிளாக்ஸிஸில் முதல் மாடல்

மென்களிமண் மேல் நேரடியாக 3 மீட்டர் கரை போட்டால் அது ஆண்டுக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். அதைத் தவிர்க்க, களிமண்ணைக் கடந்து அடியிலுள்ள கெட்டி மணல்வரை பைல் (தூண் அடித்தளம்) இறக்கி, ஒவ்வொரு பைலுக்கும் கேப் (அகன்ற தலைப்பலகை) வைத்து, அதன் மேல் ஜியோகிரிட் (மண்ணை வலுப்படுத்தும் வலை) விரித்துக் கரை கட்டுகிறார்கள். எடையில் பெரும்பகுதி மண்ணுக்குள் வளைவுபோலத் திரும்பி கேப்பில் இறங்கும். மிச்சத்தை ஜியோகிரிட்டும் களிமண்ணும் பங்கிட்டுக்கொள்ளும். அந்தப் பங்கீட்டை, மண் பொறியியல் கணக்கு மென்பொருளான பிளாக்ஸிஸில், ஒற்றைப் பைல் மாடலில் கணக்கிடுவோம்.

அளவுகள் இவை: பைல் இடைவெளி 2 மீட்டர், சதுர அமைப்பு. கேப் 0.8 மீட்டர் சதுரம், பைல் விட்டம் 0.4 மீட்டர். களிமண் 8 மீட்டர் தடிமன், அதன் கீழ் மணல். கரை மண் கனமீட்டருக்கு 19 கிலோநியூட்டன், மேலே சதுர மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் வாகனச் சுமை.

வடிவம்

அச்சுச் சமச்சீர் மாடலை (செங்குத்து அச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி) தேர்ந்தெடுங்கள். சதுரத்தை அதே பரப்புள்ள வட்டமாக்க வேண்டும்: 4 சதுர மீட்டருக்கு ஆரம் 1.13 மீட்டர், கேப்புக்கு 0.45 மீட்டர். ஜியோகிரிட்டைக் கேப்பின் மேல் ஒட்டி வைக்காமல், 0.15 மீட்டர் சரளை விட்டு வையுங்கள். ஒட்டி வைத்தால் கேப் விளிம்பில் விசை குவிந்து, உண்மையில் இல்லாத உச்சம் காட்டும்.

பொருட்கள்

கரைக்கு ஹார்டனிங் சாயில் என்ற மண் மாடல்: உராய்வுக் கோணம் 35 பாகை, விரிவுக் கோணம் 5, ஒட்டுத்திறன் 1 கிலோபாஸ்கல். கடைசி எண் கணக்கு உடையாமல் இருக்க மட்டுமே. 5, 10 என்று ஏற்றினால் வளைவு பொய்யாக வலுப்பெறும். களிமண்ணுக்கு சாஃப்ட் சாயில் மாடல். அமுக்கக் குறியெண் 0.8, வெற்றிட விகிதம் 1.6 என்றால் இந்த மாடல் கேட்கும் திருத்திய லாம்டா 0.8 ÷ (2.3 × 2.6) = 0.134. முன்னழுத்தத்தை (களிமண் முன்பு தாங்கியிருந்த உச்ச அழுத்தம்) மறக்காதீர்கள், அந்த ஒரு எண்ணே இறக்கத்தைப் பலமடங்கு மாற்றிவிடும். ஜியோகிரிட்டுக்கு அச்சு விறைப்பு மட்டும் போதும்: மீட்டருக்கு 1500 கிலோநியூட்டன். அதன் இருபுறமும், பைல் பக்கத்திலும் இன்டர்ஃபேஸ் (மண் வழுக்க இடம்தரும் தொடுபரப்பு) கொடுங்கள். பைலின் அடி மூலையில் இன்டர்ஃபேஸைக் கொஞ்சம் நீட்டிவிட்டால் அங்கே அழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்காது.

கட்டங்கள்

முதலில் தொடக்க அழுத்தம், பிறகு பைலும் கேப்பும். அடுத்த கட்டத்தில் இடப்பெயர்ச்சியைப் பூஜ்யமாக்கி, 0.15 மீட்டர் சரளையையும் ஜியோகிரிட்டையும் சேருங்கள். அதன் மேல் அரை மீட்டர் அடுக்குகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் கன்சாலிடேஷன் (நீர் வெளியேறி மண் இறுகுதல்). கடைசியில் வாகனச் சுமை, அதன்பின் மிகை நீரழுத்தம் 1 கிலோபாஸ்கலுக்குக் கீழே வரும்வரை இன்னொரு கன்சாலிடேஷன். பக்க எல்லைகளில் நீர்ப்போக்கை மூடிவிடுங்கள். பக்கத்திலும் அதே போன்ற பைல்தான் இருக்கிறது.

அப்டேட்டட் மெஷ்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஜியோகிரிட் தொய்ந்தால்தான் செங்குத்துச் சுமையைத் தாங்கும். சாதாரணக் கணக்கில் மென்பொருள் தொடக்கத்துத் தட்டையான வடிவத்தையே பிடித்துக்கொள்கிறது. தட்டையான கிரிட் எவ்வளவு கீழே போனாலும் அந்த இறக்கத்தால் நீளாது. கையாலேயே பாருங்கள். கேப்புகளுக்கு நடுவே 1.2 மீட்டர், நடுவில் தொய்வு 60 மி.மீ. பரவளைய வடிவமென்றால் திரிபு 8/3 × (0.06 ÷ 1.2)² = 0.67 சதவீதம், இழுவிசை மீட்டருக்குச் சுமார் 10 கிலோநியூட்டன். சாதாரணக் கணக்கில் இந்த விசை வரவே வராது. ஆகவே, மாறும் வடிவத்துக்கேற்பக் கணக்கைப் புதுப்பிக்கும் அப்டேட்டட் மெஷைத் தேர்வு செய்யுங்கள். அதற்குப் பின்வரும் கட்டங்களிலும் அதே தேர்வு தொடர வேண்டும். இடையில் சாதாரணக் கணக்குக்குத் திரும்ப முடியாது. இடப்பெயர்ச்சியைப் பூஜ்யமாக்கும் கட்டத்திலேயே தொடங்குவது நல்லது.

சரிபார்ப்பு

மொத்தச் சுமை (19 × 3 + 10) × 4 = 268 கிலோநியூட்டன். நேராகக் கேப்புக்குப் போனது, ஜியோகிரிட் வழியாகப் போனது, களிமண் தாங்கியது ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை இதற்குச் சமமாக வர வேண்டும். அச்சுச் சமச்சீரில் விசைகள் ஒரு ரேடியனுக்குத்தான் கிடைக்கும், 42.7 என்று பார்த்துப் பதறாமல் 2π-ஆல் பெருக்குங்கள். கன்சாலிடேஷன் நகர நகரக் களிமண்ணின் பங்கு குறைந்து மற்ற இரண்டின் பங்கு கூட வேண்டும். எதிர்மாறாக வந்தால் நீர்ப்போக்கு எல்லைகளைத்தான் முதலில் பாருங்கள்.

இந்த மாடலுக்கு எட்டாதவை இரண்டு. ஆய்வாளர் வான் ஈக்கலன் நெதர்லாந்தில் நடத்திய சோதனைகளில், ஜியோகிரிட் மேல் விழும் சுமை அடுத்தடுத்த கேப்புகளை இணைக்கும் பட்டைகளில் குவிந்தது. வட்ட மாடலில் அப்படி ஒரு பட்டையே கிடையாது. இன்னொன்று கரையின் பக்கச் சரிவு வெளியே தள்ளும் விசை. செயலுறு அழுத்தக் கெழு (செங்குத்து அழுத்தத்தில் பக்கவாட்டில் தள்ளும் பங்கு) 0.27 என்றால் அது 0.27 × (½ × 19 × 9 + 10 × 3), மீட்டருக்குச் சுமார் 31 கிலோநியூட்டன். தொய்வால் வரும் 10-ஐப் போல மூன்று மடங்கு. கரையின் குறுக்குத் திசையில் ஜியோகிரிட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கூட்டுங்கள். இருபரிமாணத் தளத் திரிபில் (கரையின் நீளவாக்கில் எதுவும் மாறாது என்று கொள்ளும் மாடல்) இதைப் பிடிக்க முயன்றால் பைல் வரிசை தொடர்சுவராக மாறி வளைவுக் கணக்கு கெட்டுவிடும். ஓரப் பைல்கள் எவ்வளவு வளைகின்றன என்று பார்க்க முப்பரிமாண மாடலே வேண்டும்.