பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள்: வீட்டில் பிரேக்குக்கு ஏர் எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

பேட் மாற்றுவது, பிரேக் ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது (இதைத்தான் ஏர் எடுப்பது என்கிறோம்) என்று கார் பிரேக்கை வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளும் இளைஞர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் தொழில் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் இவர்களும் செய்யும்போது பேசாமல் இருக்க முடியவில்லை. ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்தைக் கழற்றக் கூடாது என்பது போன்றவை எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கோளாறைப் பார்க்காமல் ஸ்பேனரை எடுப்பது

மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கி, நாலைந்து முறை அடித்ததும் இறுகினால் உள்ளே ஏர் இருக்க வாய்ப்பு அதிகம். பாதி தூரம் சும்மா போய், அப்புறம் நன்றாகப் பிடித்தால் பின் சக்கரத்து டிரம்முக்கும் அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூவுக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். அதை அட்ஜஸ்ட் செய்யாமல் எவ்வளவு ஆயில் ஓடவிட்டாலும் பெடல் மேலே வராது. பெடல் கடினமாகி வண்டி நிற்கத் தயங்கினால் மிதியின் பலத்தைக் கூட்டும் பூஸ்டரையும் அதற்குப் போகும் வேக்குவம் ஹோஸையும் பாருங்கள். மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல இறங்குகிறது, வெளியே எங்கும் கசிவில்லை என்றால் முதல் சந்தேகம், மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் மேல்தான்.

பெடலைத் தரைவரை மிதிப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஒருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏர் வெளியேறும் சிறு திருகான நிப்பிளைத் திறப்பார். உள்ளே இருப்பவர் “மிதி, நல்லா மிதி” என்ற குரலுக்குத் தரை தட்டும்வரை மிதிப்பார். புது கார் என்றால் தப்பித்துவிடலாம். பத்து வருடம் ஓடிய காரில் இது மாஸ்டர் சிலிண்டரையே காலி செய்துவிடும்.

அன்றாட ஓட்டத்தில் பெடல் முழுத் தூரம் போவதில்லை. அதனால் மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டனின் ரப்பர் சீல்களும் வருடக்கணக்கில் ஒரு பகுதியில்தான் போய்வருகின்றன. அந்த இடம் வழவழப்பாக இருக்கும். அதைத் தாண்டிய பகுதியில் எதுவும் உரசுவதே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும்; அந்த ஈரத்தால் அங்கே அரிப்பும் கசடும் படிகின்றன. நிப்பிள் திறந்திருக்கும்போது எதிர்ப்பு இல்லாததால் பெடல் சட்டென்று அடிவரை போகும். சீலின் மெல்லிய விளிம்பு அந்தச் சொரசொரப்பின் மேல் இழுபடும். கீறல் விழ ஒரே ஒரு மிதி போதும்.

எங்கள் தெருத் தம்பி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை முன் பேட் மாற்றி, ஏரும் எடுத்தார். அன்று மாலை பெடல் நன்றாகவே இருந்தது. அந்த வாரமே சிக்னலில் நிற்கும்போது மெதுவாக இறங்க ஆரம்பித்தது. “இன்னும் ஏர் இருக்கு போலண்ணா” என்று மறுபடி எடுத்தார். முன்னைவிட மோசமானது. இன்ஜினை ஓடவிட்டுப் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். கால் தானாகக் கீழே போனது, எந்தச் சக்கரத்திலும் ஈரம் இல்லை. கழற்றிப் பார்த்தால் சீலின் விளிம்பில் கீறல், சிலிண்டரின் கடைசிப் பகுதியில் பழுப்புக் கறை. ஒரு டப்பா ஆயிலோடு முடிய வேண்டிய வேலை முழு மாஸ்டர் சிலிண்டரில் போய் முடிந்தது. இதை அவரிடம் முன்னாடியே ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பெடல் வழக்கமாகப் போகும் தூரத்தைத் தாண்டாத அளவுக்கு அதன் உயரம் இருக்கட்டும். மிதிப்பது நிதானமாக இருக்க வேண்டும். நிப்பிளை இறுக்கிய பிறகே காலை எடுக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே போன ஏர் திரும்ப உள்ளே வரும். தனியாகச் செய்பவர்கள் நிப்பிளைத் திறந்து, ஆயிலைத் தானாகச் சொட்டவிடலாம். நேரம் பிடிக்கும், ஆனால் பெடலைத் தொடவே வேண்டியதில்லை.

காலிப்பரை இடம் வலம் மாற்றி மாட்டுவது

பேடை அழுத்தும் காலிப்பரை இப்படி மாட்டினால் நிப்பிள் கீழே போய்விடும். ஏர் மேலே தங்கும். எத்தனை முறை எடுத்தாலும் வராது.

போன வருடத்து டப்பா

திறந்து வைத்த டப்பாவில் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தர விதிப்படி டாட் 4 என்ற ரகப் புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிதான். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கியரைக் குறைக்காமல் பிரேக்கையே பிடித்துக்கொண்டு இறங்கினால் ஈரம் சேர்ந்த ஆயில் கொதித்து ஆவியாகும், பெடல் சும்மா தரைக்குப் போகும். திறந்து வைத்த டப்பாவில் மிச்சம் பிடிக்கும் காசு இதற்கு ஈடாகாது.

ஓபன் ஸ்பேனர்

வேண்டாம். நிப்பிளைத் திறக்க ரிங் ஸ்பேனர் மட்டும்.

வேறு எண்ணெய் ஊற்றுவது

இன்ஜின் ஆயிலோ பெட்ரோலோ ஒரு சொட்டுகூடக் கூடாது. ரப்பர் எல்லாம் உப்பிவிடும்.

ஏபிஎஸ் காரில் ஆயிலைத் தீரவிடுவது

ஆயில் தீர்ந்து, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) யூனிட்டுக்குள் ஏர் புகுந்தால் பெடலை மிதித்து மட்டும் முழுதாக வெளியேற்றுவது கடினம். பல கார்களில் ஸ்கேனரை மாட்டி உள்ளே இருக்கும் பம்ப்பை ஓடவிட வேண்டியிருக்கும். ஆகவே ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுவே போய் பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். எந்தச் சக்கரம் முதலில் என்பதையும் அந்தக் காரின் மேனுவலில் பார்த்துச் செய்யுங்கள். எல்லாக் காருக்கும் ஒரே வரிசை கிடையாது.

சோதிக்காமல் தெருவில் எடுப்பது

இன்ஜின் ஓடும்போது பெடலை அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால் வண்டியை நகர்த்தாதீர்கள்.