பத்து வயது ஜெர்மன் கார்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

மாதத்துக்கு நாலைந்து பேராவது என் பட்டறைக்கு ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "அண்ணா, 11 லட்சத்துக்கு ஒரு பிஎம்டபிள்யூ வந்திருக்குங்க. புது இன்னோவா விலையில பாதி. வாங்கலாமுங்களா?"

வாங்கலாம். நானே ஏழு வருஷமாக அப்படி ஒரு வண்டிதான் ஓட்டுகிறேன், விற்க மனமில்லை. ஆனால் ஒரு கணக்கை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். இறங்கியிருப்பது வண்டியின் விலை மட்டும்தான். புதிதாக 40 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டிக்கு சஸ்பென்ஷன் ஆர்மும் புஷ்ஷும் தண்ணி பம்பும் இன்றும் அந்த 40 லட்ச வண்டியின் விலையில்தான் வரும். கையில் 11 லட்சம் இருந்தால் 9 லட்சத்துக்குள் வண்டி தேடுங்கள். மிச்சம் 2 லட்சம் முதல் வருஷத்துக்கு. அந்த 2 லட்சம் இல்லாதவர்களிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வண்டி மோசம் என்பதற்காக இல்லை. செய்ய வேண்டிய வேலையைத் தள்ளிப்போட ஆரம்பித்தால் ஆறே மாதத்தில் அது நல்ல வண்டியையும் கெடுத்துவிடும்.

இந்த வண்டிகளில் இரும்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பத்து வருஷத்தில் வீணாவது ரப்பரும் பிளாஸ்டிக்கும். கூலண்ட் டேங்க், தெர்மோஸ்டாட் கூடு, ஹோஸ் இணையும் முனைகள், வால்வ் கவர், ஆயில் ஃபில்டர் கூட்டின் கேஸ்கெட், எல்லாம் பானட்டுக்குள்ளே தினமும் நூறு டிகிரிச் சூட்டில் வேகிறவை. ஒருமுறை ஒரு கூலண்ட் டேங்கைக் கழற்றும்போது அதன் கழுத்து என் விரலிடுக்கில் வர்க்கி மாதிரி நொறுங்கியது. வெளியே பார்க்கக் கறுப்பாக, பளபளப்பாகத்தான் இருந்தது. உடைந்த இடம் காபித்தூள் நிறத்துக்கு வந்திருந்தது.

அதனால்தான் "ஒரே ஓனர், டாக்டர் வண்டி, வெறும் 35,000 கிலோமீட்டர்" என்று பழைய கார் விற்கும் கன்சல்டிங்கில் சொல்வதைக் கேட்டு நான் மயங்குவதில்லை. வண்டி ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும். அதுவே டீசல் வண்டி என்றால், வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மூன்று கிலோமீட்டர் போய் மூன்று கிலோமீட்டர் வருவது அதற்கு ஆகவே ஆகாது. சைலன்சர் வரிசையில் உள்ள புகைக்கரி ஃபில்டர், அதாவது டிபிஎஃப், நல்ல சூடு ஏறினால்தான் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். சூடே ஏறாத வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். 35,000 ஓடி வீட்டுப் போர்ட்டிகோவில் நின்ற வண்டியைவிட, ஹைவேயில் 1,10,000 ஓடி, பில் எல்லாம் அடுக்கி வைத்திருக்கும் வண்டியைத்தான் நான் எடுப்பேன்.

சரி, பார்க்கப் போகிறீர்கள். முந்தின நாளே போன் செய்து, "காலை ஆறரைக்கு வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலை பானட்டின் மேல் உள்ளங்கையை வைப்பது. போன வருஷம் ஒரு தம்பிக்காகப் போனபோது பானட் தோசைக்கல் மாதிரி சுட்டது. "ஏசி செக் பண்ணினேங்க" என்றார் விற்பவர். நான் எதுவும் பேசாமல் திரும்பிவிட்டு, மறுநாள் சொல்லாமல் ஆறு மணிக்குப் போய் நின்றேன். குளிர்ந்த வண்டி. சாவி போட்டதும் இன்ஜினின் பின்பக்கமிருந்து, தகரத்தின் மேல் சங்கிலியை இழுப்பது போலக் கரகரவென்று நாலு விநாடி சத்தம். அப்புறம் அமைதி. இரவு முழுக்க நின்றதில், இன்ஜினின் வால்வுகளை இயக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரிலிருந்து ஆயில் இறங்கியிருந்தது. ஆயில் பிரஷர் ஏறியதும் அந்தச் செயின் இறுகி, சத்தம் அடங்கிவிட்டது. முதல் நாள் சூட்டோடு பார்த்திருந்தால் இது காதில் விழுந்திருக்காது. தம்பி அந்த வண்டியை விட்டுவிட்டார்.

எந்த வண்டி என்பது இங்கே வேண்டாம். பொதுவாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இது: பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் இன்ஜினிலும் மெர்சிடிஸின் ஓஎம்651 டீசல் இன்ஜினிலும் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம், அதாவது பின்னால் இருக்கிறது. என்47-இல், அதிலும் 2007 முதல் 2011 வரை வந்தவற்றில், செயின் தேய்வது ஊரறிந்த குறை. செயின் விலை பெரிதில்லை. அதைத் தொடுவதற்கு இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும், செலவெல்லாம் அதில்தான். ஏற்கனவே மாற்றியிருந்தால் பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து ஸ்கேனர், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்திருப்பதைப் படிக்கும் கருவி. ஆன்லைனில் 800 ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனர் இதற்குப் போதாது. பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, மெர்சிடிஸுக்கு ஜென்ட்ரி, ஆடிக்கு ஓடிஸ் அல்லது விசிடிஎஸ் வைத்திருக்கும் ஆளை அழைத்துப் போங்கள். ஓடிய கிலோமீட்டர் மீட்டரில் மட்டும் பதிவாவதில்லை, வேறு கன்ட்ரோல் யூனிட்டுகளிலும் இருக்கும். பிஎம்டபிள்யூவில் சாவிக்குள்ளேயே உண்டு. மீட்டரைத் திருப்பியவர் அவ்வளவையும் திருப்பியிருக்க மாட்டார். இன்னொன்று, பத்து வயது வண்டியில் ஒரு பழைய எரர் கூட இல்லாமல் துடைத்துவிட்டது போல இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். யாரோ நேற்றுதான் அழித்திருக்கிறார்கள். 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து வந்த வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் வெள்ளமும் ஞாபகத்தில் இருக்கட்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சீட்டையும் கார்ப்பெட்டையும் புதிதாக்கி விடுவார்கள், ஆனால் பெல்ட்டின் கடைசி ஒரு அடியை யாரும் துவைப்பதில்லை. அதில் செம்மண் கோடு தெரிந்தால் கிளம்பிவிடுங்கள். டிக்கியின் அடிப்பலகையையும் தூக்கிப் பாருங்கள். 3 சீரிஸ், 5 சீரிஸ் வண்டிகளில் பேட்டரி பின்னால்தான், அங்கே ஈரம் தங்கினால் வயரிங் போயிற்று. டெல்லி வண்டி மலிவாக வருவதற்குக் காரணம் வேறு. அங்கே பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டி ஓட்ட 2015-இல் கட்டுப்பாடு வந்தது, பிறகு அந்த விதி மாறியும் வந்திருக்கிறது. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் என்ஓசி, இங்கே கட்ட வேண்டிய வரி எல்லாம் கூட்டிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள மெர்சிடிஸா? சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை, நாலு பக்கமும் டேப் வைத்து இரவில் அளந்து எழுதுங்கள். காலையில் மறுபடி அளங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அங்கே வண்டியைத் தாங்கும் காற்று ஸ்ட்ரட் கசிகிறது. அதை விட்டுவைத்தால் காற்று நிரப்பி நிரப்பியே கம்ப்ரஸரும் எரிந்துபோகும். பழைய ஆடியில் மல்டிட்ரானிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருந்தால் நான் தொடமாட்டேன்.

வாங்கியாயிற்று. முதல் மாதமே இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலண்ட், எல்லா ஃபில்டர்களும் மாற்றிவிடுங்கள். முந்தைய ஓனர் "இப்பத்தான் மாத்துனேன்" என்றாலும் சரி. ஆயில் டப்பாவில் பிராண்டு எதுவானாலும் இருக்கட்டும், கார் கம்பெனி அந்த ஆயிலுக்குக் கொடுத்த அனுமதி எண்ணைப் பாருங்கள். டிபிஎஃப் உள்ள டீசலில் பிஎம்டபிள்யூவுக்கு எல்எல்-04, மெர்சிடிஸுக்கு 229.51, ஆடிக்கு 507 00. வண்டித் திரை 15,000 என்று காட்டினாலும் நான் 8,000-க்கு மாற்றுகிறேன், ஓடாவிட்டால் வருஷத்துக்கு ஒருமுறை. பிரேக் ஆயில் இரண்டு வருஷம்.

கியர்பாக்ஸ் ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "இது லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்" என்று நிறைய பேர் சொல்வார்கள். பிஎம்டபிள்யூ, ஆடி பலவற்றில் இருக்கும் 8 ஸ்பீடு கியர்பாக்ஸைச் செய்கிற இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருஷத்தில், மாற்றச் சொல்கிறது. செய்தவன் சொல்வதைக் கேளுங்கள். அந்த கியர்பாக்ஸின் அடித்தட்டு பெரும்பாலும் பிளாஸ்டிக், ஃபில்டர் அதனோடு ஒட்டியே வரும், இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஆயில் அளவை இன்ஜின் ஓடும்போது, ஆயில் 30-க்கும் 50 டிகிரிக்கும் நடுவே இருக்கையில் பார்க்க வேண்டும். ஸ்கேனரில் அந்தச் சூட்டைப் பார்க்காமல் "நிரப்பியாச்சு" என்கிற ஆளிடம் வண்டியை விடாதீர்கள்.

கூலண்ட் பற்றி நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நான் என் வண்டியை வாங்கிய இரண்டாவது வருஷம் குடும்பத்தோடு பாலக்காடு போய்க்கொண்டிருந்தேன். எட்டிமடை தாண்டியதும் திரையில் சிவப்பு எச்சரிக்கை. இந்த வண்டியில் டெம்பரேச்சர் முள்ளே கிடையாது, திரை சொன்னால்தான் தெரியும். அம்மா பின்சீட்டில் இருந்தார், வெயில் வேறு. நிழலாகப் பார்த்து நிறுத்தலாம் என்று இன்னும் நாலு கிலோமீட்டர் ஓட்டினேன். இன்டேக்குக்கு அடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய் உடைந்திருந்தது. குழாய் 1,800 ரூபாய். ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், லேத்துக்குக் கொடுத்து வாங்கியதில் வண்டி விலையில் ஆறில் ஒரு பங்கு போயிற்று. சிவப்பு வந்தால் அந்த இடத்திலேயே, வெயிலானாலும், இன்ஜினை அணையுங்கள். வண்டிக்கு எட்டு வயதாகிவிட்டால் டேங்க், தெர்மோஸ்டாட், பிளாஸ்டிக் குழாய்கள், தண்ணி பம்ப் எல்லாவற்றையும் உடையும் முன்பே ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். அந்தந்தக் கம்பெனி சொல்லும் கூலண்டை மட்டும் ஊற்றுங்கள், நிறம் கலக்க வேண்டாம். சேர்ப்பது டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும். சிறுவாணித் தண்ணீரே ஆனாலும் ஊற்றாதீர்கள்.

ஸ்பேர் வாங்கும்போது சேஸிஸ் நம்பரை வைத்துப் பார்ட் நம்பரைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே பொருளை, செய்கிற கம்பெனியின் பெட்டியில் தேடுங்கள். ஆர்மும் பால்ஜாயிண்ட்டும் லெம்ஃபோர்டர், ஷாக் அப்சார்பர் சாக்ஸ், ஃபில்டர் மான் அல்லது மாலே. சில சமயம் லெம்ஃபோர்டர் ஆர்மில் கார் கம்பெனியின் முத்திரை இருந்த இடத்தை மட்டும் அரைத்து எடுத்திருப்பது கண்ணுக்கே தெரியும். பாதி விலைக்குக் கிடைக்கும் போலியை வாங்கினால் ஒரு மழைக்காலம் கூடத் தாங்காது.

பேட்டரி மாற்றினால் பிஎம்டபிள்யூவில் அதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் ஏற்றிப் புதியதையும் சீக்கிரம் கொன்றுவிடும். டீசல் வண்டியை வாரம் ஒருமுறை அவினாசி பக்கம் பைபாஸில் அரைமணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டிக்கொண்டு வாருங்கள். டிபிஎஃப்பை வெட்டி எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். அந்தக் கரியெல்லாம் நம் பிள்ளைகள்தான் மூச்சில் இழுப்பார்கள்.

கடைசியாக, டேஷ்போர்டு பெட்டியில் ஒரு 40 பக்க நோட்டு வையுங்கள். தேதி, கிலோமீட்டர், மாற்றிய பொருள், பார்ட் நம்பர். மூன்று வருஷம் கழித்து "இந்த ஹோஸ் எப்போது போட்டது?" என்று மெக்கானிக் கேட்கும்போது பதில் உங்கள் கையில் இருக்கும். என் நோட்டில் போன வாரம் எழுதியது இது: "1,42,300. தெர்மோஸ்டாட், ஓ-ரிங் 2, கூலண்ட் 5 லிட்டர். இரவு அடியில் அட்டை வைத்து நிறுத்திக் காலையில் பார்த்தேன், சொட்டு இல்லை."